சனகெரிப் – எசேக்கியா போருக்கு வேதாகமத்துக்கு வெளியே என்ன ஆதாரம் இருக்கிறது?

ஓய்வுநாள்_டீச்சர் (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் மூத்த வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாவது முதல் பிளஸ் ஒன் வரை படிக்கிற பிள்ளைகள். அடுத்த மாதப் பாடம் 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள். அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின்மேல் வருவது, அவன் அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று யூத பாஷையிலேயே சத்தம்போட்டு மிரட்டுவது, யூதாவின் ராஜா எசேக்கியா அசீரியரின் மிரட்டல் நிருபத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய் விரித்து வைப்பது. பிள்ளைகளுக்குப் பிடித்த கதைதான்.

ஆனால் இப்போது பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டு போவதில்லை. போன வாரம் ஒரு பையன் செங்கடலுக்கு அடியில் பார்வோனுடைய ரதச் சக்கரம் கிடைத்துவிட்டது என்று ஒரு வீடியோ காட்டினான். அவனுக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொரு பிள்ளை, வேதாகமத்தில் இருக்கிறது முழுக்கக் கட்டுக்கதை என்று வேறொரு வீடியோவை நீட்டினாள். இரண்டையும் பொறுமையாகப் பார்த்தேன். இரண்டிலும் பின்னணி இசைதான் பலமாக இருந்தது.

எனக்கு வேண்டியது இதுதான். இந்தச் சனகெரிப் சம்பவத்துக்கு, அகழாய்வு செய்கிறவர்களே ஒத்துக்கொள்கிற ஆதாரம் என்ன இருக்கிறது? எதைத் தைரியமாகச் சொல்லலாம், எதை இழுக்கக் கூடாது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

சந்தேகத்_தோமா

டீச்சர், ரதச் சக்கரத்தை நம்பாமல் இங்கே வந்து கேட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். வேதாகமத்தில் வருகிற பெரிய கதைகள் பலவற்றுக்கு மண்ணில் ஒன்றும் கிடைக்கவில்லை. எரிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ஜான் கார்ஸ்டாங் தோண்டினார், இடிந்த மதில்களைக் காட்டி இது யோசுவா இடித்தது என்றார். சபைகளில் ஒரே கொண்டாட்டம். பிறகு 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அதே மேட்டில் இறங்கினார். அந்த மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முந்தியது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எழும்பின ஊரும் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துபோயிற்று. யோசுவா வந்ததாகச் சொல்கிற காலத்தில் அங்கே இடிக்கிறதுக்கு மதிலே இல்லை. யாத்திராகமத்துக்கு எகிப்தில் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

சனகெரிப் விஷயத்தில் போர் நடந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கர்த்தருடைய தூதன் வந்து ஒரே ராத்திரியில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேர் செத்தார்கள் என்கிறதுக்கு அசீரியாவில் ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம். தோற்றுப்போனவன் எழுதமாட்டான் என்கிற பதில் எனக்கு வேண்டாம். அந்தப் பதிலை வைத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

---

பழைய_சர்வேயர் (நாகர்கோவில், இப்போது மகள் வீட்டில், லண்டன்)

டீச்சரம்மா, நல்ல பாடம் கையில் வந்திருக்கிறது. பழைய ஏற்பாட்டில் இவ்வளவு நெருக்கமாகச் சரிபார்க்க முடிகிற சம்பவம் அதிகம் இல்லை. தோமா தம்பி எரிகோவைப் பற்றிச் சொன்னதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது எரிகோ அல்லவே.

நான் நில அளவைத் துறையில் இருந்தவன். எல்லைத் தகராறு என்று போனால் இரண்டு பட்டாதாரரும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரண்டு கதையும் சொல்கிறவனுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். யார் நல்லவன் என்று தீர்ப்புச் சொல்வது சர்வேயர் வேலை இல்லை. இரண்டு பேரும் மறுக்காத கல் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்போம். அந்தக் கல்லிலிருந்துதான் செயினை இழுப்போம். இந்தப் போருக்கும் அதே முறையில் போகலாம், ஏனென்றால் இங்கே இரண்டு கட்சிக்காரரும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சி சாட்சியம் ஒரு களிமண் தூண். ஆறு பட்டை, உயரம் 38 செ.மீ., ஆறு பக்கமும் ஆப்பெழுத்து. 1830ல் அசீரியாவின் தலைநகரான நினிவேயில் கர்னல் ராபர்ட் டெய்லர் என்கிற ஆங்கிலேய அதிகாரி கையில் கிடைத்தது. 1855ல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. அதே வாசகத்தோடு இன்னும் இரண்டு தூண் உண்டு, ஒன்று சிகாகோவில், ஒன்று எருசலேமில். சனகெரிப்பே பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறது. கி.மு. 701 படையெடுப்பு அதில் அவனுடைய மூன்றாவது. என் நுகத்துக்குத் தலைகொடுக்காத எசேக்கியாவின் 46 மதில் சூழ்ந்த பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன், அவனை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப்போல் அடைத்தேன் என்கிறான். கப்பமாக வந்தது 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி (தாலந்து என்பது அந்தக் கால நிறை அளவு). கூடவே எசேக்கியாவின் குமாரத்திகள், அரண்மனை ஸ்திரீகள், பாடகர்கள். எல்லாம் பிறகு நினிவேக்கு வந்துசேர்ந்ததாம்.

இப்போது 2 இராஜாக்கள் 18:14 எடுத்துப் பாருங்கள். 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. பொன் அப்படியே ஒத்துப்போகிறது. வெள்ளியில் 500 இடிக்கிறது. இதற்கு அறிஞர்கள் நிறுவைக் கணக்கு அது இது என்று விளக்கம் வைத்திருக்கிறார்கள். வாங்கினவன் கூட்டி எழுதினான் என்பது என் எண்ணம். எப்படியானாலும் 30 தாலந்து பொன் இரண்டு பேரும் மறுக்காத கல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பக்கமும் தன் மானம் போகிற மாதிரி ஒன்றை ஒத்துக்கொள்கிறது. யூதாவில் எழுதினவர், எங்கள் ராஜா ஆலயக் கதவுகளில் பதித்திருந்த பொன்னைப் பெயர்த்து எதிரிக்குக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் சனகெரிப், இவ்வளவு தம்பட்டம் அடிக்கிறவன், எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. அதே படையெடுப்பில் அஸ்கலோன் ராஜாவைக் குடும்பத்தோடு நாடுகடத்தி வேறு ஆளை உட்கார்த்தினான். சீதோன் ராஜா கடலில் ஓடிவிட்டான், அங்கேயும் புது ராஜா. எக்ரோனில் கலகம் செய்த பெரிய மனிதர்களைக் கொன்று கம்பத்தில் தொங்கவிட்டான். எல்லாவற்றுக்கும் காரணக்காரனான எசேக்கியா மட்டும் சிங்காசனத்திலேயே இருக்கிறான். தோமா தம்பி, தோற்றவன் எழுதமாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் எழுதியிருப்பதிலேயே ஊர் விழவில்லை என்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

எக்ரோன் என்றதும் ஞாபகம் வருகிறது. எக்ரோன் ராஜா பாதி என்கிறவனை அவன் ஜனங்களே விலங்கிட்டு எசேக்கியாவிடம் ஒப்படைத்தார்கள், நான் அவனை எருசலேமிலிருந்து விடுவித்து மறுபடியும் ராஜாவாக்கினேன் என்று அந்தத் தூணில் வருகிறது. இந்தப் பெயர் வேதாகமத்தில் இல்லை. 1996ல் எக்ரோனைத் தோண்டினபோது ஒரு கோயில் கல்வெட்டு கிடைத்தது. கோயிலைக் கட்டினவன் தன்னைப் பாதியின் குமாரன் என்று சொல்லிக்கொள்கிறான். ஆக, அசீரியன் ஆளையே கற்பனை பண்ணி எழுதவில்லை.

அடுத்தது லாகீஸ். எருசலேமுக்கு அடுத்தபடியாக யூதாவின் பெரிய கோட்டை. வேதாகமத்தில் இது போகிற போக்கில் வருகிறது. சனகெரிப் லாகீசில் இருக்கும்போது எசேக்கியா ஆள் அனுப்பினான், ரப்சாக்கே லாகீசிலிருந்து வந்தான், அவ்வளவே. களிமண் தூணில் அந்தப் பெயரே இல்லை. ஆனால் நினிவே அரண்மனையில் அதற்கென்று ஒரு அறையையே ஒதுக்கி, சுவர் முழுக்கச் சிற்பமாக வெட்டிவைத்தான். எருசலேம் கிடைக்காதவன் லாகீசைச் சுவரில் மாட்டிக்கொண்டான் என்று நான் நினைத்துக்கொள்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் ஆஸ்டின் ஹென்றி லேயார்ட் தோண்டி எடுத்தார். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பேரனை அழைத்துக்கொண்டு போகிறதாகச் சொல்லிவிட்டு நான்தான் அங்கே போய் நிற்கிறேன். பேரன் எகிப்து மம்மியைப் பார்க்க இழுப்பான்.

அந்தச் சுவரில் மதிலை நோக்கி ஏறுகிற சரிவுப் பாதை, அதன்மேல் தள்ளிக்கொண்டு போகிற மதில் இடிக்கும் வண்டிகள். மேலேயிருந்து ஊர்க்காரர்கள் தீப்பந்தம் எறிகிறார்கள். வண்டிக்குள் இருக்கிற அசீரியன் நீளக் கரண்டியால் தண்ணீர் மொண்டு முகப்பில் ஊற்றுகிறான். தீப்பிடிக்கக் கூடாதே! ஒரு பக்கம் மூன்று பேரைக் கழுவேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள், மாட்டுவண்டியில் பெண்களும் பிள்ளைகளும். கடைசியில் சிங்காசனத்தில் சனகெரிப். லாகீசின் கொள்ளை தனக்கு முன்பாகக் கடந்துபோனதைப் பார்வையிட்டான் என்று பக்கத்திலேயே எழுத்து. அவன் முகத்தை மட்டும் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். கி.மு. 612ல் நினிவே விழுந்தபோது நடந்திருக்கலாம்.

இது வரைக்கும் எல்லாம் அரண்மனைப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் லாகீசின் மேட்டையும் தோண்டியிருக்கிறார்கள். 1932 முதல் 1938 வரை ஜேம்ஸ் ஸ்டார்க்கி, பிறகு 1973 முதல் 1994 வரை டேவிட் உசிஷ்கின். தென்மேற்கு மூலையில் அந்தச் சரிவுப் பாதை அப்படியே கிடக்கிறது. முழுக்கக் கல். 13,000 முதல் 19,000 டன் வரை இருக்கும் என்று உசிஷ்கின் கணக்குப் போட்டார். எத்தனை கழுதை, எத்தனை முதுகு என்று யோசித்துப் பாருங்கள். மதிலுக்கு உட்பக்கம் அதற்கு எதிராக ஊர்க்காரர்கள் கொட்டி உயர்த்தின இன்னொரு மேடு. நூற்றுக்கணக்கான இரும்பு அம்புமுனை, கவண்கல், எரிந்துபோன வீடுகள். அந்த எரிந்த அடுக்கிலேயே, "ராஜாவுக்கு உரியது" என்று முத்திரை குத்திய கைப்பிடியோடு பெரிய ஜாடிகள். ஒன்று சுமார் 45 லிட்டர் பிடிக்கும். இந்த முத்திரை யூதா முழுக்க 2,000க்கு மேல் கிடைத்திருக்கிறது. போர் வரப்போகிறது என்று எசேக்கியாவின் ஆட்கள் சேமித்த சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த அடுக்கு சனகெரிப் எரித்ததா, நூறு வருடம் கழித்து பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எரித்ததா என்று முன்பு பெரிய சண்டை நடந்தது. உசிஷ்கினுக்குப் பிறகு அது அடங்கிவிட்டது. கி.மு. 701தான்.

வேதாகமத்தில் சொன்னவன், சுவரில் வெட்டினவன், மேட்டைத் தோண்டினவன் மூன்று பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். முதல் வகுப்புக்கு லாகீசை எடுங்கள் என்பது என் யோசனை.

---

இறையியல்_மாணவி

ஐயா கல்லைச் சொல்லிவிட்டார், நான் ஏட்டைப் பற்றி கொஞ்சம் சேர்க்கிறேன்.

டீச்சர், பிள்ளைகளை 2 இராஜாக்கள் 18:13 முதல் 16 வரை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். சனகெரிப் வந்தான், எசேக்கியா பணிந்தான், பணம் கொடுத்தான். வறண்ட கணக்குப்பிள்ளை நடை. 17ஆம் வசனத்திலிருந்து நடையே மாறும். பேச்சு, ஜெபம், தீர்க்கதரிசி, தூதன் என்று நாடகம் ஆரம்பிக்கும். பணம் வாங்கினவன் ஏன் மறுபடி ஆள் அனுப்பி மிரட்டுகிறான் என்று அங்கே விளக்கமே இல்லை. அதனால் இரண்டு வெவ்வேறு பழைய எழுத்துகளை ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தக் குட்டிப் பகுதிதான் அசீரியத் தூணோடு நெருக்கமாக ஒத்துப்போவது.

அப்புறம் ஏசாயா 36, 37 வாசிக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அதே கதை, ஆனால் பணம் கொடுத்த மூன்று வசனமும் அங்கே காணாது. 2 நாளாகமம் 32லும் கப்பம் இல்லை, 1,85,000 என்கிற எண்ணும் இல்லை. தூதன் பராக்கிரமசாலிகளையும் தலைவர்களையும் அதம்பண்ணினான் என்று மட்டும் இருக்கும். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். என் வேதபாட வகுப்பில் பையன்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கிற விளையாட்டு மாதிரி இதில் இறங்கிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. 19:9ல் எத்தியோப்பியாவின் ராஜாவாகிய திராக்கா வருகிறார். உண்மையான ஆள்தான், எகிப்தை ஆண்டவர், அவருடைய சிலைகளே இருக்கின்றன. ஆனால் அவர் பட்டத்துக்கு வந்தது கி.மு. 690ல். 701ல் அவர் இளவரசராகப் படைநடத்தி வந்திருக்கலாம், பின்னால் எழுதினவர் தெரிந்த பட்டத்தையே போட்டிருக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளை யாராவது தேடிக்கொண்டு வந்து கேட்கும். தயாராக இருங்கள்.

---

ஓய்வுநாள்_டீச்சர்

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. சர்வேயர் சார், இன்னும் மூன்று சந்தேகம். எசேக்கியாவின் சுரங்கம் என்று பிள்ளைகள் டார்ச் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடக்கிற படம் பார்த்திருக்கிறேன். அது உண்மையிலேயே அவர் வெட்டினதுதானா? ஏசாயா தீர்க்கதரிசியின் முத்திரை கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது? கடைசியாக, தோமா கேட்ட 1,85,000க்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

---

பழைய_சர்வேயர்

சுரங்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

எருசலேமின் ஊற்று கீகோன், மலையடிவாரத்தில் பள்ளத்தாக்கு ஓரம் இருக்கிறது. முற்றுகை என்று வந்தால் அந்தத் தண்ணீர் எதிரியின் தொண்டைக்குத்தான் போகும். அதனால் ஊற்றை மூடி, மலைக்கு அடியில் பாறையைக் குடைந்து, தண்ணீரை ஊருக்குள் சீலோவாம் குளத்துக்குத் திருப்பினார்கள். 2 இராஜாக்கள் 20:20லும் 2 நாளாகமம் 32:30லும் இது எசேக்கியாவின் வேலை என்று இருக்கிறது. குடைந்த நீளம் 533 மீட்டர். நேராக அளந்தால் 320 மீட்டர் போலத்தான் வரும். பாம்பு நெளிகிற மாதிரி போகிறது. இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறது. சந்திக்கிற இடத்துக்குக் கிட்டே தப்பான பக்கம் கொஞ்சம் வெட்டிப்பார்த்துக் கைவிட்ட பொந்துகள் இருக்கின்றன. அவற்றைப் படத்தில் பார்க்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். மட்ட வித்தியாசம் இரண்டு முனைக்கும் சுமார் 30 செ.மீ. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு அடி வாட்டம்! தெற்கு முனையில் கூரை சுமார் 5 மீட்டர் உயரம் இருக்கிறது. அந்தப் பக்கம் மேலே ஏறி வந்துவிட்டார்கள், பிறகு தண்ணீர் ஓடவேண்டுமே என்று தரையை இறக்கி வெட்டினார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

திசைகாட்டியும் இல்லாமல் எப்படிச் சந்தித்தார்கள்? பாறையில் இயற்கையாக இருந்த வெடிப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார் டான் கில் என்கிற நிலவியலாளர். அமோஸ் ஃப்ரம்கின், ஆர்யே ஷிம்ரோன் இருவரும் உள்ளே நுணுக்கமாகப் பார்த்துவிட்டு அப்படித் தொடர்ச்சியான வெடிப்பு இல்லை, மேலேயிருந்து பாறையில் தட்டி ஒலியால் வழிகாட்டியிருக்க வேண்டும் என்றார்கள். நான் ஒலிக் கட்சி.

1838ல் எட்வர்ட் ராபின்சன் என்கிற அமெரிக்கர் இதற்குள் தவழ்ந்துபோய் 1750 அடி என்று அளந்தார். மீட்டரில் 533. டேப்பும் மெழுகுவர்த்தியும் காலத்துக்கு அது அபாரமான அளவு. ஆனால் சீலோவாம் முனைக்குப் பக்கத்தில் சுவரில் எழுத்து இருந்தது அவர் கண்ணில் படவில்லை. 1880ல் உள்ளே விளையாடப் போன ஒரு பையன்தான் பார்த்தான். ஆறு வரி. ராஜா பெயர் இல்லை, தேவன் பெயர் இல்லை. வெட்டினவர்களின் கதை. இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது ஒருவன் மற்றவனைக் கூப்பிடுகிற குரல் கேட்டது, கடப்பாரைக்கு எதிரே கடப்பாரை மோதியது, ஊற்றிலிருந்து குளத்துக்கு 1200 முழம் தண்ணீர் ஓடியது, தலைக்கு மேலே பாறை 100 முழம். 533ஐ 1200ஆல் வகுத்துப் பாருங்கள், முழம் 44 செ.மீ. சொச்சம் வரும். முழங்கையிலிருந்து விரல்நுனி. பிள்ளைகளைத் தங்கள் கையை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கல்லைத் திருடர்கள் பெயர்த்தெடுத்து உடைத்துவிட்டார்கள். மீட்டபின் இஸ்தான்புல்லுக்குப் போய்விட்டது, அப்போது அது துருக்கி சுல்தான் ஆட்சி.

ராஜா பெயர் இல்லையென்றால் எசேக்கியா என்று எப்படிச் சொல்வது? எழுத்து வடிவம் அந்தக் காலத்தது. 2003ல் ஃப்ரம்கின் குழு, சுவர்ப் பூச்சுக்குள் சிக்கியிருந்த செடித் துணுக்கையும் கூரையில் வளர்ந்த சுண்ணக்கல்லையும் சோதித்து கி.மு. 700ஐ ஒட்டிய காலம் என்று சொன்னது. ரோனி ரைக், எலி ஷுக்ரோன் இருவரும் அங்கேயே வருடக்கணக்காகத் தோண்டினவர்கள். அவர்கள் இல்லை, இன்னும் பல பத்தாண்டு முந்தியது என்கிறார்கள். வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள். நான் எசேக்கியா பக்கம் சாய்கிறேன்.

அதோடு மதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1970களில் நஹ்மான் அவிகாட் பழைய எருசலேமில் 7 மீட்டர் அகல மதில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இருந்த வீடுகளை இடித்துக்கொண்டு போகிறது. ஏசாயா 22:10ல், மதிலை அரணிப்பாக்க வீடுகளை இடித்தீர்கள் என்று தீர்க்கதரிசி திட்டுகிறார் அல்லவா? என் வேலைக்காலத்தில் ரோடு அகலப்படுத்தப் போனபோது வாங்கின சாபமெல்லாம் அந்த வசனத்தில் எனக்குக் கேட்கும்.

முத்திரைக்கு வருகிறேன். எசேக்கியாவின் முத்திரை கிடைத்தது உறுதி. எலாட் மசார் ஆலய மலைக்குத் தெற்கே 2009ல் தோண்டின மண்ணில் கிடைத்து, 2015ல் அறிவித்தார். ஒரு சென்டிமீட்டர் சொச்சம் களிமண். "யூதாவின் ராஜா ஆகாஸின் குமாரன் எசேக்கியாவுக்கு உரியது." நடுவில் சிறகு விரித்த சூரியன். இதே மாதிரி முன்பே வந்திருக்கிறது, ஆனால் பழம்பொருள் வியாபாரி கையிலிருந்து. எங்கே எடுத்தது என்று தெரியாத பொருளுக்கு நான் மதிப்புப் போடமாட்டேன். மசார் கண்டது மண்ணிலிருந்து முறையாக எடுத்தது. ஏசாயா முத்திரை என்று 2018ல் அவரே அறிவித்தது வேறு. அதில் பெயர் ஏசாயாதான், ஆனால் தீர்க்கதரிசி என்று வரவேண்டிய சொல் ஓரத்தில் உடைந்துபோயிருக்கிறது. வேறு ஒரு ஏசாயாவாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் அந்த உடைசலைச் சொல்லமாட்டார்கள்.

1,85,000க்கு மண்ணில் சாட்சி இல்லை. டீச்சரம்மா, இதை அப்படியே சொல்லிவிடுங்கள். சிலர் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதின எலிக்கதையைக் கொண்டுவருவார்கள். சனகெரிப்பின் படைமேல் ராத்திரியில் எலிகள் விழுந்து வில்நாணையெல்லாம் கடித்தன என்று அவர் இரண்டாம் புத்தகத்தில் சொல்கிறார். எலி என்றால் பிளேக், பிளேக் என்றால் தூதன் என்று ஒரு கோடு இழுப்பார்கள். அவர் சொல்லும் இடம் எகிப்து எல்லை, எலி கடித்தது தோல்வாரையும் நாணையும். அந்தக் கோட்டுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். பட்டணம் விழவில்லை, ராஜா பட்டத்தில் இருந்தான், பணம் போயிற்று. அதற்கு மேல் அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதை நான் விசுவாசிக்கிறேன். அளந்து காட்ட என்னிடம் சங்கிலி இல்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், கதையின் கடைசி வசனம். 19:37ல் சனகெரிப் தன் தேவனைப் பணிந்துகொள்ளும்போது அவன் குமாரர் அத்ரமலேக்கும் சரேத்சேரும் அவனை வெட்டிப்போட்டார்கள், எசரத்தோன் ராஜாவானான். வாசித்தால் ஊருக்குத் திரும்பின கையோடு நடந்த மாதிரி இருக்கும். நடந்தது கி.மு. 681ல், இருபது வருடம் கழித்து. பாபிலோனிய நாளாகமம் (வேதாகமப் புத்தகம் அல்ல, பாபிலோனியரின் ஆண்டுக் குறிப்பு) அவன் குமாரனே கலகத்தில் கொன்றான் என்கிறது, பெயர் சொல்லவில்லை. பெயரை 1980ல் சிமோ பர்போலா என்கிற ஃபின்லாந்து அறிஞர் நினிவேயின் ஒரு கடிதத்திலிருந்து பிடித்தார். சதி நடக்கிறது என்று ராஜாவிடம் சொல்ல ஒருவன் வருகிறான். அதிகாரிகள் அவன் முகத்தைத் துணியால் மூடி அழைத்துப்போகிறார்கள், ராஜா முன்னால் நிற்கிறோம் என்று நினைத்து, உங்கள் மகன் அர்தா முலிஸ்ஸு உங்களைக் கொல்லப்போகிறான் என்று சொல்லிவிடுகிறான். துணியை விலக்கினால் எதிரே உட்கார்ந்திருப்பது அர்தா முலிஸ்ஸு! அந்தப் பெயர்தான் எபிரெயத்தில் தேய்ந்து அத்ரமலேக் ஆகியிருக்கிறது. இதைச் சொல்லும்போது உங்கள் வகுப்பில் ஒருத்தனும் போனைத் தொடமாட்டான்.

---

சந்தேகத்_தோமா

அண்ணாச்சி, 1,85,000ஐ அளக்க முடியாது என்று நீங்களே சொன்ன பிறகு எனக்கு இதில் வழக்கு இல்லை. முகத்தை மூடிக் கூட்டிப்போன கதை பிரமாதம். டீச்சர், அந்தச் சுவர்ச் சிற்பத்தில் ஆட்களைத் தோலுரிக்கிற இடமும் இருக்கிறது, அண்ணாச்சி நாசூக்காக விட்டுவிட்டார். படம் காட்டுவதற்கு முன் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். தாவீதும் கோலியாத்தும் பாடத்துக்கு வரும்போது மறுபடி இங்கே வாருங்கள், அங்கே இருக்கிறது சண்டை.

---

பழைய_சர்வேயர்

தாவீதுக்கு வட இஸ்ரவேலில் டெல் தான் என்கிற மேட்டில் 1993ல் கிடைத்த கல்லில் "தாவீதின் வீடு" என்று இருக்கிறது, தம்பி. கோலியாத்துக்கு என் கையில் ஒன்றும் இல்லை. வாருங்கள், பார்ப்போம்.